பிந்தி வரும் குரல்

நகைச்சுவை நடிகரைப் புதைத்துவிட்டு வந்த வாரத்திலேயே, அவர் வீட்டுக் கூடத்து நாற்காலியிலிருந்து, காபியில் சர்க்கரை போதவில்லை என்று அவர் குரல் சொன்னது. அவருடைய மகள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். நாற்காலி காலியாக இருந்தது. சரிதான், இது அம்மா படுக்கையில் கிடந்த காலத்துக் காபி என்று மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டு திரும்பவும் பாத்திரம் தேய்க்கப் போனாள். துக்கம் விசாரிக்க வந்திருந்த தூரத்துச் சித்தப்பா மட்டும் முகம் வெளிறி, கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். அவர் வெளியூர்க்காரர். உள்ளூரில் இது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. பின்பாட்டு பேசினால் அன்றைக்கே கேட்காது.

பின்பாட்டு என்பது அவருக்கு ஜனங்கள் வைத்த பெயர். அதற்கு முன்னால் அவர் ஸ்டூடியோவில் மேசை நாற்காலி தூக்கிப் போடும் ஆளாக இருந்தார். நடுத்தர உயரம், கேட்டதும் மறந்துபோகிற பெயர், எதற்கெடுத்தாலும் கொஞ்சம் திறந்தே இருக்கும் வாய். ஒரு படத்தில் வங்கிக் காவல்காரனாக நடிக்க வேண்டியவர் வயிற்றுப்போக்கு என்று வராமல் போகவே, சீருடை யாருக்குப் பொருந்துகிறது என்று பார்த்து இவரை நிறுத்தினார்கள். ஒரே ஒரு வசனம். திருடன் மூட்டையோடு ஓடும்போது "டேய், நில்லுடா" என்று கத்த வேண்டும். கத்தினார். பிறகு டப்பிங் அறையில் திரையைப் பார்த்து மறுபடியும் அதையே கத்திவிட்டு வீட்டுக்குப் போனார். பல ஷிப்ட் தொடர்ந்து கண்விழித்திருந்த ஒலிப்பதிவாளர், அந்தக் குரலைப் படத்தோடு சேர்க்கும்போது இடம் தவறிச் சேர்த்துவிட்டார். யாரும் கவனிக்கும் முன்னால் பிரிண்டுகள் ஊர் ஊராகப் போய்விட்டன. திரையில் காவல்காரன் வாயைத் திறந்தான், சத்தம் இல்லை. திருடன் போயே போய்விட்டான். காவல்காரன் வாயை மூடி, மீசையைத் துடைத்து, ஸ்டூலில் உட்கார்ந்த பிறகு, "டேய், நில்லுடா" என்று குரல் வந்தது. தியேட்டர் இடிந்து விழாத குறை. பிழைப்பு போச்சு என்று கழிப்பறையில் ஒளிந்துகொண்டிருந்த மனிதருக்கு, வெளியே கேட்டது சிரிப்புச் சத்தம் என்று புரிய வெகுநேரம் ஆயிற்று.

ஒலிப்பதிவாளரின் சீட்டைக் கிழிக்க வந்த தயாரிப்பாளர், வசூலைக் கேள்விப்பட்டதும் அவரைக் கட்டிக்கொண்டார். இனி இந்த ஆள் எந்தப் படத்தில் தலைகாட்டினாலும் குரலைப் பிந்தித்தான் சேர்க்க வேண்டும் என்று உத்தரவு போட்டார். மற்றவர்களும் அதையே செய்தார்கள். சினிமாவில் ஒன்று ஓடிவிட்டால் அது நொண்டுகிற வரைக்கும் விடமாட்டார்கள். பின்பாட்டு மாப்பிள்ளையாக நடித்தார், டாக்டராக நடித்தார், நீதிபதியாக, பேயாக, பேயைப் பார்த்துப் பயப்படுகிறவராக நடித்தார். எல்லாப் படத்திலும் வாய் மூடிய பிறகுதான் வசனம் வந்தது. காரியம் கெட்ட பிறகு யோசனை சொல்ல வருகிறவர்களைக் கடைத்தெருவில் "வந்துட்டார்யா பின்பாட்டு" என்று கிண்டல் பண்ணும் அளவுக்குப் பெயர் பரவியது. அவர் ஒரு வீடு கட்டினார். கூடம், அடுப்படி, தெருவைப் பார்த்த ஜன்னலோடு ஓர் அறை, மாடிப்படி. மாடி மட்டும் இல்லை. அதை அடுத்த படத்தில் கட்டிக்கொள்ளலாம் என்று விட்டிருந்தார்.

இப்படி வருஷக்கணக்கில் ஒருவருடைய குரலை வெட்டி வெட்டிப் பின்னால் சேர்த்தால் குரலுக்கும் அதுவே பழகிவிடாதா? பழகிவிட்டது. ஒருநாள் காலையில் குளித்துவிட்டு மனைவியிடம் துண்டு கேட்டார். வாய் அசைந்தது. அவள் துண்டைக் கொடுத்தாள். அவர் தலையைத் துவட்ட ஆரம்பித்த பிறகு, "துண்டு எங்க?" என்று சத்தம் வந்தது. மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் கல்யாணத்துக்கு முன் ஸ்டூடியோவின் உடைப் பிரிவில் பொத்தான் தைத்தவள். அங்கே தையல் மெஷின்களின் இரைச்சலில் யார் பேச்சும் யாருக்கும் கேட்காது என்பதால், உதட்டைப் பார்த்தே பேசிக்கொள்வார்கள். ஆகவே புருஷன் குரல் எப்போது வந்தால் என்ன, அவளுக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை. அவர் ஷூட்டிங் கதைகளை உதட்டால் சொல்லச் சொல்ல, அவள் பார்த்துக்கொண்டே ம் கொட்டுவாள். அதே கதை பிறகு சத்தமாக வரும்போது, ஏற்கெனவே கேட்டதுதானே என்று அலுத்துக்கொள்ளாமல் அதற்கும் ம் கொட்டுவாள்.

முதலில் ஒரு மூச்சு நேரம்தான் பிந்தியது. பிறகு ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்கிற நேரம் ஆனது, பிறகு அரை நாள், பிறகு வாரம், பிறகு மாதம். குரல் ஆளைத் தேடி வராது, பேசின இடத்துக்குத்தான் வரும். காலையில் சண்டை போட்டு, மத்தியானம் சமாதானமாகி, சாயங்காலம் இருவரும் சேர்ந்து கடைக்குக் கிளம்பும்போது, காலையில் அவர் போட்ட கூச்சல் அடுப்படியிலிருந்து வரும். மனைவிக்கு மறுபடி முகம் சிவக்கும். நான் வாயே திறக்கவில்லை என்று அவர் கையை விரித்துக் காட்டுவார். "காலைல திறந்தது யாரு, எதிர்வீட்டுக்காரரா?" என்பாள். மகளைக் கடைசியாகத் தொட்டிலில் போட்ட நாளில் பக்கத்தில் நின்று அவர் பாடிய தாலாட்டு, அவள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு வந்துசேர்ந்தது. தொட்டிலைக் கழற்றி வெகுநாளாகியிருந்தது. அவள் பையை முதுகில் மாட்டிக்கொண்டு அந்த இடத்தில் நின்று முழுப் பாட்டையும் கேட்டுவிட்டுத்தான் புறப்பட்டாள். அவளும் அம்மாவைப் போல உதட்டைப் படிக்கக் கற்றுக்கொண்டிருந்தாள். எழுதிக் காட்டலாமே என்று கேட்டவர்கள் உண்டு. எழுத்துக்கும் அவருக்கும் சின்ன வயதிலேயே ஆகாது. வீட்டில் அதற்கு அவசியமும் வரவில்லை.

தொண்டை டாக்டரிடம் ஒரு தடவை போனார்கள். டாக்டர் நாக்கைக் கரண்டியால் அமுக்கி, டார்ச் அடித்துப் பார்த்து, தொண்டை பிரமாதமாக இருக்கிறது என்று சொல்லி, கூடவே சேர்ந்து ஒரு போட்டோவும் எடுத்துக்கொண்டார். அதன் பிறகு வெகுநாள் கழித்து, பல்செட் கட்டிய ஒரு கிழவர் அதே நாற்காலியில் உட்கார்ந்து வாயைத் திறந்தபோது, "வலிக்குது டாக்டர், கரண்டியை எடுங்க" என்று பின்பாட்டின் குரல் வந்தது. அறையில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்ததில் டாக்டருக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

ஸ்டூடியோவில் ஆரம்பத்தில் சமாளித்தார்கள். அவர் நடித்த இடத்தில் ஓர் ஆளை மைக்கோடு உட்கார வைத்து, குரல் வந்ததும் பிடித்துக்கொண்டார்கள். மாதக்கணக்கில் பிந்த ஆரம்பித்ததும் அது நடக்கவில்லை. செட்டைப் பிரித்து, அதே இடத்தில் வேறொரு படத்துக்கு ஆஸ்பத்திரி செட் போட்டிருப்பார்கள். கதாநாயகனின் தாயார் கண்மூடுகிற காட்சியில், கட்டிலுக்கு அடியிலிருந்து, "எம் பொண்டாட்டிகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க" என்று குரல் வரும். தாயாராக நடித்தவர் சிரித்து எழுந்துவிடுவார். மற்ற டைரக்டர்கள் புகார் கொடுத்தார்கள். கடைசியில் ஒரு மிமிக்ரி கலைஞரைக் கூப்பிட்டு, பின்பாட்டின் வாய்க்கு அவரைப் பேச வைத்தார்கள். ஜனங்கள் வித்தியாசம் கண்டுபிடிக்கவில்லை என்பது ஒரு புறம் இருக்க, முன்னைவிட நன்றாக இருக்கிறது என்று பத்திரிகையில் எழுதினார்கள். குரல் இவ்வளவு நன்றாக இருக்கும்போது முகம் எதற்கு என்று யாருக்கோ தோன்றிவிட்டது. மிமிக்ரிக்காரர் தானே மீசை ஒட்டிக்கொண்டு நடிக்க வந்தார். பின்பாட்டுக்கு வசனமில்லாத வேஷங்கள் வந்தன: பஸ்ஸில் தூங்குகிறவர், பெஞ்சில் தூங்குகிறவர், பிணம். பிணமாகப் படுத்திருப்பது இன்னார் என்று தெரிந்ததும் தியேட்டரில் சிரித்தார்கள். அவர் வீட்டுக்கு வந்து அதை மனைவியிடம் சொன்னார். அவள் இந்தத் தடவை ம் கொட்டவில்லை, அவர் முகத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். உற்றுப் பார்த்தும் அவளுக்குத் தெரியவில்லை. "என்ன சொன்னீங்க? கொஞ்சம் வெளிச்சத்துக்கு வாங்க" என்றாள். அவர் வெளிச்சத்தில்தான் நின்றிருந்தார்.

சர்க்கரை வியாதி முதலில் அவள் கண்ணை எடுத்தது, பிறகு காலை, பிறகு சிறுநீரகத்தை. தெருவைப் பார்த்த அறையில் கட்டிலும், அதன் பக்கத்தில் அவருக்கு ஒரு நாற்காலியும் போட்டார்கள். அப்போது குரல் ஏறக்குறைய ஒரு வருஷம் பிந்தி வந்துகொண்டிருந்தது. கண் போன பிறகு அவளுக்குப் புருஷன் என்றால் போன வருஷத்துப் புருஷன்தான். இன்றைக்கு அவர் சொல்வதை மகள் உதட்டைப் பார்த்துச் சொல்லுவாள். அவசரத்துக்கு அது போதும். ஆனால் அவளுக்கு வேண்டியிருந்தது அந்தக் குரல். போன வருஷம் அவர் அந்த அறையில் நின்று, ஜன்னல் திரையை மாற்றுவதா வேண்டாமா என்று புலம்பியதையெல்லாம் காதைச் சாய்த்துக் கேட்டு, ம், ம் என்று சொல்லிக்கொண்டிருப்பாள். அவரும் அதற்காகவே அந்த அறையில் ஓயாமல் பேசினார். அடுத்த வருஷம் அவளுக்குக் கேட்கத் தீனி வேண்டுமே என்று, பழைய வசனங்கள், செட்டில் நடந்த கூத்து, யார் யாரை எங்கே அடித்தார் என்பதுவரை அந்த நாற்காலியில் உட்கார்ந்து சொல்லித் தீர்த்தார்.

அவரும் மனிதர்தான். பகலெல்லாம் பிணமாகப் படுத்துவிட்டு வந்து, அவளைத் துடைத்து, புண்ணுக்கு மருந்து போட்டு, படுக்கை விரிப்பை அலசிக் காயப்போட்டு, மறுபடி அது நனைந்து, மறுபடி அலசி, இப்படியே மாதங்கள் போயின. ஒரு மத்தியானம் அவள் தூங்கிவிட்டாள் என்று நினைத்து, நாற்காலியில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், "நீ சீக்கிரம் போய்ச் சேர்ந்துட்டா, நான் ஒரு நாளாவது நிம்மதியா தூங்குவேன்" என்றார். வாய் அசைந்து முடித்த பிறகுதான் சொன்னது உறைத்தது. சத்தம் எதுவும் கேட்கவில்லை. ஆனால் வார்த்தை கிளம்பியாகிவிட்டது, அடுத்த வருஷம் இதே நாற்காலிக்கு வந்துசேரும். அவர் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு அறையை விட்டு ஓடினார். இனி அந்த அறைக்குள் வாயைத் திறப்பதில்லை என்று அன்றைக்கே சத்தியம் செய்துகொண்டார். பட்டவரை போதும், இன்னொரு வார்த்தை தவறி விழக்கூடாது என்பது அவர் எண்ணம். அதன் பிறகு அவளைத் துடைத்தார், மருந்து போட்டார், உதடு மட்டும் அசையவில்லை. மகளிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் கூடத்துக்கு வந்து சொன்னார். பல மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஏன் என்று அவள் கேட்டதற்கு, தொண்டை வலி என்றார்.

அந்த வருஷம் முழுக்க அவள் செத்துவிடக்கூடாதே என்று வேண்டிக்கொண்டார். வருஷம் முடியும் முன்னால் செத்துவிட்டாலும் தேவலையே என்றும் சில சமயம் தோன்றியது. அப்படித் தோன்றியதற்காகப் படிக்கட்டில், இல்லாத மாடிக்கு நடுவழியில், உட்கார்ந்து அழுதார். டாக்டர்கள் கைவிரித்த பிறகும் அவள் இழுத்துக்கொண்டு கிடந்தாள். நாள் நெருங்க நெருங்க அவர் கட்டிலை வேறு பக்கம் போடப் பார்த்தார். அவள் ஒப்புக்கொள்ளவில்லை, அந்த நாற்காலிப் பக்கம்தான் குரல் வருகிறது என்றாள். பிறகு ஒரு ரேடியோ வாங்கிவந்து, கட்டிலின் தலைமாட்டில் வைத்து, எந்நேரமும் சத்தமாகப் பாட விட்டார். "அதை நிறுத்துங்க. உங்களைக் கேக்கவே முடியல" என்று அவள் சொன்னாள். அவர் நிறுத்தவில்லை. ஒருநாள் அவர் ஷூட்டிங் போயிருந்தபோது அம்மா மகளிடம் கெஞ்சினாள். மகளுக்கு விஷயம் தெரியாது. ரேடியோவை அணைத்தாள்.

அப்போதுதான் அவர் திரும்பி வந்து வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். வீடு அமைதியாக இருந்தது. அந்த அமைதியில், அறைக்குள்ளிருந்து, களைத்துப்போன ஒரு குரல், நீ சீக்கிரம் போய்ச் சேர்ந்துட்டா நான் ஒரு நாளாவது நிம்மதியா தூங்குவேன் என்று சொன்னது. கட்டிலில் கிடந்தவள் வழக்கம்போல, "ம்" என்றாள்.

பிறகு காத்திருந்தாள். அவள் அழவில்லை, கோபப்படவில்லை. முகத்தை நாற்காலிப் பக்கம் திருப்பி, அடுத்த வார்த்தைக்குக் காத்திருந்தாள். அடுத்த வார்த்தை வரவில்லை. எப்படி வரும்? அவர்தான் வாயைப் பொத்திக்கொண்டு ஓடிவிட்டாரே. போன வருஷம் அந்த இடத்திலேயே நின்று, ஐயோ, தெரியாமல் சொல்லிவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அது இந்த வார்த்தைக்குப் பின்னாலேயே வந்திருக்கும். ஒரு மூச்சு நேரம்தான் இடைவெளி இருந்திருக்கும். வருஷம் முழுக்க அந்த அறையைத் துப்புரவாக மௌனமாக வைத்திருந்தார். அந்த மௌனம் இப்போது முழுசாக வந்துகொண்டிருந்தது.

அவர் கட்டிலருகில் மண்டியிட்டு, அவள் கையைப் பிடித்துக்கொண்டு, சத்தமில்லாமல் பேச ஆரம்பித்தார். மகள் உதட்டைப் பார்த்துவிட்டு, "அம்மா, அப்பா என்ன சொல்றார்னா" என்று தொடங்கினாள்.

"நீ சொல்லாதே. உன் வாயால கேட்டா அது நீ சொன்னதாத்தான் இருக்கும்" என்றாள் அம்மா. "அவர் அதோட நிறுத்தியிருக்க மாட்டார். எனக்கு அவரைத் தெரியாதா? அப்புறம் ஏதாவது சொல்லியிருப்பார். வரட்டும்."

எதுவும் சொல்லவில்லை என்று அவர் மகள் மூலம் சொல்லிப் பார்த்தார். அவள் நம்பவில்லை. வாரக்கணக்கில் நாற்காலிப் பக்கம் காதைச் சாய்த்தபடி கிடந்தாள். ரேடியோவைத் தூக்கிக் கடாசியாயிற்று. அவர் ஷூட்டிங் போவதை விட்டுவிட்டு, காலை முதல் இருட்டும் வரை அவள் பக்கத்தில் உட்கார்ந்து வாயசைத்துக்கொண்டே இருந்தார். மன்னிப்புக் கேட்டார், துண்டு கேட்ட கதையைச் சொன்னார், அவள் தைத்துக்கொடுத்த முதல் பொத்தானைப் பற்றிச் சொன்னார், பதில் வராததால் மறுபடி முதலிலிருந்து சொன்னார். அப்படிச் சொல்லிக்கொண்டிருந்த ஒரு பகலின் நடுவில் அவள் போய்விட்டாள். மகள் நாடியைப் பிடித்திருந்தாள், அவளுக்குத் தெரிந்தது. அவருக்குத் தெரியவில்லை. அவர் மேலும் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்.

அவளைக் கூடத்தில் கிடத்தியபோது, அக்கம்பக்கத்தார் எல்லோரும் வந்து சுவரோரமாக நின்றார்கள். பின்பாட்டு தலைமாட்டில் உட்கார்ந்து வாயைத் திறந்து கதறினார். சத்தம் இல்லை. வாய் அகலமாகத் திறந்து, மூடி, மறுபடி திறந்தது. வங்கிக் காவல்காரனின் அதே முகம். யாரோ ஒருவர் அடக்கப் பார்த்து முடியாமல் களுக்கென்று சிரித்துவிட்டார். அது இன்னொருவரைத் தொற்றியது. பிறகு கூடம் முழுக்கச் சிரித்தது. அவர்கள் கெட்டவர்கள் இல்லை. பலர் கண்ணைத் துடைத்துக்கொண்டேதான் சிரித்தார்கள், சிலர் வெட்கத்தில் வெளியே போய்ச் சிரித்தார்கள். அவர் யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை.

அதன் பிறகு அவர் பேசவே இல்லை. தூங்கவும் இல்லை. அவள் போய்ச் சேர்ந்தால் நிம்மதியாகத் தூங்குவேன் என்றவர், மிச்ச நாளெல்லாம் அந்த நாற்காலியில் கண்ணைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தார். அவள் பக்கத்தில் உட்கார்ந்து தான் சொன்னதெல்லாம் வந்துசேரும் என்று காத்திருந்தார். கட்டிலை எடுக்க விடவில்லை. ஆனால் குரல் இன்னும் இன்னும் பிந்திப் போனது. ஒரு வருஷம் பல வருஷமாக நீண்டது. மிமிக்ரிக்காரருக்கு விருது கொடுத்தார்கள். மகள் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள், அவளுக்குத் தலை நரைக்க ஆரம்பித்தது. அவர் காத்திருந்தபடியே செத்துப் போனார். பத்திரிகையில் போட்ட படத்தில் வாய் திறந்திருந்தது.

வீட்டை விற்றுவிட்டு வேறு இடம் பார்க்கலாமே என்று தூரத்துச் சித்தப்பா சொன்னார். அப்பா இன்னும் பேசி முடிக்கவில்லை என்றாள் மகள். காபிக்குச் சர்க்கரை கேட்டது வந்தது. தொண்டை வலி என்று கூடத்தில் சொன்ன பொய் வந்தது. கடைசியில் ஒரு காலையில், தெருவைப் பார்த்த அறையில், காலிக் கட்டிலுக்குப் பக்கத்தில், மண்டியிட்ட உயரத்திலிருந்து குரல் வர ஆரம்பித்தது. "தெரியாம சொல்லிட்டேன்மா" என்றது. மகள் பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டு, ஜன்னலைச் சாத்தி, கட்டிலில் அம்மா படுத்திருந்த பக்கமாக உட்கார்ந்தாள். அன்றைக்கு உதட்டில் படித்ததையெல்லாம் இப்போது காதால் கேட்டாள். அவ்வளவு கெஞ்சலாக இருக்கும் என்று உதட்டைப் பார்த்தபோது தெரியவில்லை. குரல் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பிறகு கொஞ்சம் நின்றது, அவர் எப்போதும் அப்படித்தான் நிற்பார். அந்த இடைவெளிகளில் எல்லாம் மகள், "ம்" என்றாள்.

வாரக்கணக்கில் இது நடந்தது. துண்டு கேட்ட கதை வந்தது, பொத்தான் கதை வந்தது, மன்னிப்பு மறுபடி மறுபடி வந்தது, அவள் ஒன்றைக்கூட விடாமல் ம் கொட்டினாள். கடைசி நாள் எது என்று அவளுக்குத் தெரியும். பொத்தான் கதையை அவர் மூன்றாம் தடவையாகத் தொடங்கி, "அன்னிக்கு நீ என்னைப் பார்த்துச் சிரிச்சியே" என்று சொல்லி நின்ற இடத்தில்தான் அம்மாவின் நாடி நின்றது. குரல் அந்த இடத்துக்கு வந்தது, சொன்னது, நின்றது. மகள் ம் சொல்லவில்லை. குரல் கொஞ்சம் காத்திருந்துவிட்டு, எதுவும் தெரியாமல் மேலே பேசிக்கொண்டு போனது. அவள் எழுந்து கதவை மெதுவாகச் சாத்திவிட்டு, அடுத்து கூடத்தில் அழுகை வரும் என்று பக்கத்து வீடுகளில் சொல்லிவிட்டு வரப் போனாள்.